துக்கத்துக்குப் பின் துள்ளல்: நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதி நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் மாதம் ஒருமுறை இசைப் பதிவுகளைக் கேட்டுப் பேசும் சிறு கூட்டம் ஒன்றை நடத்தி வருகிறேன். அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் அமைந்திருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஜாஸ் இசையை, குறிப்பாக அங்கே இறுதி ஊர்வலங்களில் வாசிக்கப்படும் இசையை, எப்போது ஒலிக்க விட்டாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தாம் எழுகின்றன. ஆகவே கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜாஸ் என்றால் பெரிய ஹோட்டல் வரவேற்பறையில் மெல்ல ஓடிக்கொண்டிருக்குமே, அதுதானே?

அதுவும் ஜாஸ்தான். ஆனால் இங்கே பேசப்போவது தெருவில் நடந்துகொண்டே வாசிக்கப்படும் ஜாஸ். ஏறத்தாழ 1900ஆம் ஆண்டையொட்டி நியூ ஆர்லியன்ஸில் இந்த இசை உருவானபோது அது நடன அரங்குக்கும் திறந்தவெளி விருந்துக்கும் ஊர்வலத்துக்கும் சாவுக்கும் உரிய இசையாக இருந்தது. நாற்காலியில் அமர்ந்து அமைதியாகக் கேட்கும் பழக்கம் பிற்பாடு வந்தது.

தெருக் குழுவை அங்கே பிராஸ் பேண்ட் என்பார்கள். ட்ரம்பெட், டிராம்போன், கிளாரினெட் அல்லது சாக்ஸஃபோன், உடலைச் சுற்றித் தோளில் ஏற்றிக்கொள்ளும் சூசாஃபோன், பெரிய பேஸ் டிரம், சிறிய ஸ்னேர் டிரம் என்று பத்துப் பேர் அளவில் இருப்பார்கள். மேடையும் மின்சாரமும் தேவையில்லாத குழு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் விடைகள் பலவும் எளிதில் விளங்கும்.

இழவு நடந்த இடத்தில் ஆட்டமும் பாட்டுமா? செத்தவருக்கு அது அவமரியாதை இல்லையா?

இந்தக் கேள்வி எழாத கூட்டமே இல்லை. ஊர்வலத்தின் பின்பாதியை மட்டும் காணொளியில் பார்ப்பதால் வரும் மயக்கம் இது. தேவாலயத்திலிருந்து உடல் வெளியே வரும்போது, குழுவினர் கறுப்பு உடையில் வரிசையாகக் காத்து நிற்பார்கள். பழைய தேவாலயப் பாடல் ஒன்றை, ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து, பெருமூச்சு விடுவதைப் போல வாசித்தபடி புறப்படுவார்கள். அவர்களுக்கு முன்னால் செல்லும் கிராண்ட் மார்ஷல் என்பவர், தோளில் குறுக்குப் பட்டையணிந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைத்து நின்று, மற்றக் காலை மெல்ல இழுத்து அதனருகே சேர்த்து, பிறகு அடுத்த அடி வைப்பார். அந்த நடையைக் கண்டவர்கள் அதனை அவமரியாதை என்று சொல்லமாட்டார்கள். அழுபவர்கள் வாய்விட்டு அழுவார்கள். தேற்றுகிறோம் என்று யாரும் அந்த அழுகையை அடக்குவதில்லை.

துள்ளல் இசை, உடலை வழியனுப்பிய பிறகே தொடங்குகிறது. துன்பம் நிறைந்த இவ்வுலகிலிருந்து ஒருவர் விடுபட்டுவிட்டார் என்ற கிறிஸ்தவ நம்பிக்கைக்கு, அடிமைகளாக வாழ்ந்தவர்களின் வழியில் வந்த மக்களிடையே ஒரு தனிக் கனம் உண்டு. என் கருத்தில், இந்த வரிசைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அழுகைக்கு உரிய நேரத்தைக் கொடுத்துவிட்டு வருவதால் அந்த மகிழ்ச்சி ஆறுதலாகிறது. வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மெதுவான பாட்டிலிருந்து வேகமான பாட்டுக்கு எந்த இடத்தில் மாறுகிறார்கள்? யார் சைகை காட்டுகிறார்கள்?

அந்தக் கணத்துக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது: 'உடலை அவிழ்த்துவிடுதல்'. முற்காலத்தில் கல்லறை வரை நடந்து சென்று, அடக்கம் முடிந்து திரும்பும்போது இசை மாறியது. கல்லறைகள் தொலைவாகிப்போனதால், இப்போது பெரும்பாலும் ஒரு தெருமுனையில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, சவ ஊர்தி நடுவே மெல்லக் கடந்து தனியே போய்விடுகிறது.

சைகையைக் கையில் வைத்திருப்பவர் ஸ்னேர் டிரம் கலைஞர். அந்த டிரம்மின் அடிப்பக்கத் தோலை ஒட்டி மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் படபடப்பான ஒலிக்குக் காரணம் அவைதாம். துக்க இசையின்போது அந்தக் கம்பிகளைத் தளர்த்திவிடுவார், அல்லது அவற்றுக்கும் தோலுக்கும் இடையே ஒரு கைக்குட்டையைச் செருகிவிடுவார். அதனால் ஒலி மங்கி, வெறும் 'தொம்' என்று கேட்கும். ஊர்தி கண்ணிலிருந்து மறைந்ததும் கைக்குட்டையை உருவியெடுத்து, கம்பிகளை இறுக்கி, ஓர் உருட்டு உருட்டுவார். ட்ரம்பெட் ஓங்கிக் குரல் கொடுக்கும். அதுவரை தலைகுனிந்து நடந்தவர்களின் கையில் குடைகள் விரியும், கைக்குட்டைகள் தலைக்கு மேலே சுழலும். சற்று முன்னர் கண்ணீரைத் துடைத்த கைக்குட்டையாகவே அது பல நேரம் இருக்கும்.

'செகண்ட் லைன்' என்கிறார்களே, அது பாட்டின் பெயரா, நடனத்தின் பெயரா?

முதலில் அது மனிதர்களின் பெயர். குடும்பத்தாரும் சங்கத்தாரும் இசைக்குழுவும் சேர்ந்தது முதல் வரிசை. அவர்களுக்குப் பின்னாலும் பக்கங்களிலும் ஒட்டிக்கொண்டு வரும் ஊரார் இரண்டாம் வரிசை, அதாவது செகண்ட் லைன். பின்னர் அவர்களின் ஆட்டத்துக்கும், அந்த ஆட்டத்துக்குரிய தாளத்துக்கும், முழு ஊர்வலத்துக்குமே அந்தப் பெயர் பரவிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாம் வரிசைக்கு அழைப்பிதழ் கிடையாது என்பதுதான். இறந்தவரை அறியாதவரும் வாசல்படியிலிருந்து இறங்கிவந்து சேர்ந்துகொள்வார். நான்கு தெரு ஆடிவிட்டுத் தம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். துக்கப்படும் குடும்பத்துக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால் ஒரு பேட்டையே நடந்து வருகிறது.

இத்தனை பேர் வாசிக்கிறார்கள், யார் காசு கொடுப்பது?

இந்தக் கேள்வியை முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் கேட்டார். கேட்கத் தக்க கேள்விதான், ஏனெனில் 'சமூகம்' என்ற சொல்லுக்கு இங்கே ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தில் கறுப்பின மக்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்களின் கதவு திறக்கவில்லை. ஆகவே அவர்கள் தாங்களே உதவிச் சங்கங்களை அமைத்துச் சந்தா கட்டினார்கள். நோயுற்ற உறுப்பினருக்கு மருத்துவர், மருந்து. இறந்தால் சவப்பெட்டி, அடக்கம், ஊர்வலத்துக்கு இசைக்குழு என்று அந்தச் சந்தாவிலிருந்து செலவு நடந்தது. உறுப்பினர்களுக்கென்று பொதுக் கல்லறை கட்டிக்கொண்ட சங்கங்களும் உண்டு. 1884இல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் ஊர்வலம் நடத்துகிறது. 1909இல் தொடங்கிய ஸூலூ சங்கம் நகரத்தின் மார்டி கிரா திருவிழாவில் பெயர்பெற்றது.

இத்தகைய சங்கங்கள் பலவற்றின் முழுப் பெயரில் 'சமூக உதவி' என்பதும் 'இன்பம்' என்பதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சோஷியல் எய்ட் அண்ட் பிளஷர் கிளப் என்றே எழுதிக்கொள்கிறார்கள். இசை ஆற்றுகிறது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். முதல் சொல் இல்லாவிட்டால் அந்த ட்ரம்பெட் கலைஞர் அன்று அங்கே வந்திருக்கவே மாட்டார்.

இந்த வழக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, ஐரோப்பாவிலிருந்தா?

இரண்டும் கலந்தது. வாத்தியங்களும் அணிவகுப்பும் ஐரோப்பிய இராணுவ இசைக்குழுக்களிடமிருந்து வந்தவை. வட்டமாகச் சூழ்ந்து ஆடுவதும், ஒருவர் அழைக்க மற்றவர்கள் மறுமொழி தருவதும், இறந்தவரைத் தாளத்தோடு அனுப்புவதும் மேற்கு ஆப்பிரிக்க வேர் கொண்டவை. அடிமைகளாக இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடிய காங்கோ சதுக்கம் என்ற திடல், டிரெமே என்ற பேட்டையில் இருக்கிறது. அவர்கள் ஒரே இடத்தில் மட்டுமே கூடலாம் என்று நகர நிர்வாகம் 1817இல் ஆணையிட்டபோது, கட்டுப்படுத்துவதற்காகப் போட்ட அந்த எல்லையே அந்த இசைக்கு ஒரு நிலையான இடத்தைக் கொடுத்துவிட்டது. இன்று அத்திடல் லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கிறது.

யாரும் சாகாத ஞாயிற்றுக்கிழமையிலும் ஊர்வலம் போகிறார்களாமே, எதற்கு?

ஆகஸ்ட் மாதக் கடைசியிலிருந்து ஜூன் வரை பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சங்கத்தின் ஆண்டு ஊர்வலம் இருக்கும். சுமார் நான்கு மணி நேரம் நடப்பார்கள். அந்த ஒரு நாளுக்காக உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் பணம் சேர்த்து, ஒரே நிறத்தில் கோட்டும் காலணியும் இறகு விசிறியும் குறுக்குப் பட்டையும் செய்துகொள்வார்கள். வழியில் உறுப்பினர் வீட்டு வாசலிலோ மதுக்கடை வாசலிலோ நின்று இளைப்பாறுவார்கள். சிறு லாரியின் பின்புறத்தில் அடுப்பு வைத்துப் பன்றிக்கறி வாட்டி ரொட்டியில் வைத்து விற்பவரும், பனிக்கட்டிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருபவரும் கூட்டத்தோடே நகர்வார்கள். அது ஓர் அசையும் சந்தை என்றே சொல்லலாம்.

ஊர்வலப் பாதைகளில் ஒன்றை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். கிளைபோர்ன் அவென்யூ என்பது ஒரு காலத்தில் நடுவே ஓக் மரங்கள் வரிசையாக நிழல் பரப்ப, கறுப்பின மக்களின் கடைகள் நிறைந்திருந்த வீதி. 1960களில் அந்த மரங்களை வெட்டிவிட்டு, வீதியின் தலைக்கு மேலே நெடுஞ்சாலைப் பாலத்தைக் கட்டினார்கள். கடைகள் நலிந்தன. இன்று ஊர்வலம் அந்தப் பாலத்தின் அடியில் நுழையும்போது குழுவினர் வேண்டுமென்றே ஓங்கி வாசிப்பார்கள். கான்கிரீட் கூரையில் மோதித் திரும்பும் ஒலி பத்துப் பேரை ஐம்பது பேராக்கிவிடும். ஊர்வலத்தின் மிக உக்கிரமான ஆட்டம் அங்கேதான் நடக்கும். பாலத்தின் தூண்களில், வெட்டப்பட்ட மரங்களின் நினைவாக ஓக் மரங்களை ஓவியமாக வரைந்திருக்கிறார்கள்.

காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லையே, அந்தத் தாளத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

வழக்கமான இராணுவ அணிவகுப்பில் இடது, வலது என்று எடை சமமாக விழும். நியூ ஆர்லியன்ஸ் பேஸ் டிரம் கலைஞர் இரண்டாவது சுற்றின் நான்காம் அடியில் ஓர் அழுத்தம் கொடுத்து அந்தச் சமநிலையைக் குலைத்துவிடுகிறார். இதனை 'பிக் ஃபோர்' என்பார்கள். நேராகப் போக வேண்டிய கால், அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, இடுப்பை வளைத்துவிட்டுப் போகும். பேஸ் டிரம்மின் மேலே ஒரு தாளத்தட்டைப் பொருத்தி, அதனை ஸ்க்ரூட்ரைவராலோ சட்டை மாட்டும் கம்பியை வளைத்தோ தட்டுவது அங்கே சாதாரணம்.

இன்னொன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் கற்பனை செய்து வாசிப்பது. ட்ரம்பெட் மெட்டைப் பிடித்துச் செல்ல, கிளாரினெட் அதற்கு மேலே கொடி போலப் படர, டிராம்போன் கீழிருந்து வழுக்கி வழுக்கி இடைவெளிகளை நிரப்பும். எழுதிவைத்த தாள் கிடையாது. ஆகவே ஒவ்வொருவரும் வாசித்துக்கொண்டே மற்றவரைக் கேட்டாக வேண்டும். ஆடுபவர்களின் வேகத்தைப் பார்த்துக் குழு வேகத்தைக் கூட்டும். குழுவைக் கேட்டு ஆடுபவர்கள் மாறுவார்கள். பேட்டரி இறங்கிப்போன காரைத் தள்ளி ஓடவிடுவது போன்றது அது. தள்ளுகிறவரும் ஏறிக்கொள்கிறவரும் ஒரே ஆள்.

சரி, 'குணமாக்குகிறது' என்கிறீர்களே, மருத்துவ ஆதாரம் உண்டா?

'குணம்' என்ற சொல்லைச் சற்று நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு, மனச்சோர்வுக்கான வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையையும் சேர்த்தால், வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிடக் குறுகிய காலத்தில் அறிகுறிகள் கூடுதலாகக் குறைகின்றன என்று கண்டது. ஆனால் அதில் பேசப்படுவது பயிற்சி பெற்றவர் நடத்தும் சிகிச்சை. தெரு ஊர்வலம் அன்று. பலர் ஒரே தாளத்தில் சேர்ந்து ஆடும்போது வலியைத் தாங்கும் திறனும் ஒருவரோடொருவர் நெருக்கமாக உணர்வதும் கூடுகின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் காட்டியிருக்கிறார்கள். இது நம் விஷயத்துக்கு இன்னும் அருகில் வருகிறது.

எனினும், ஜாஸ் கேட்டால் இரத்த அழுத்தம் இத்தனை புள்ளி இறங்கும் என்று பகிரப்படும் செய்திகளை நான் நம்புவதில்லை. மருந்தை நிறுத்திவிட்டு இசை கேட்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, கூடவே கூடாது என்பதுதான். துக்கம் என்பது நோயன்று. அதற்குத் தேவைப்படுபவை அழ ஓர் இடம், உடன் நடக்க நாலு பேர், மறுபடி எழுந்து நடமாட ஒரு சாக்கு. அந்த மூன்றையும் மேலே சொன்ன ஊர்வலம் ஒரே பிற்பகலில் தந்துவிடுகிறது.

ஜாஸ் ஆற்றும் என்றால், ஜாஸ் கலைஞர்கள் மட்டும் ஏன் நோயிலும் வறுமையிலும் செத்தார்கள்?

நியாயமான குத்தல். ஜாஸின் முதல் பெரும் கலைஞர் என்று போற்றப்படும் பட்டி போல்டன், 1907இல் மனநோய் முற்றி லூசியானா மாநில மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 24 ஆண்டுகள் அங்கேயே இருந்து 1931இல் இறந்தார்; ஏழைகளுக்கான ஹோல்ட் கல்லறையில், பெயர்ப்பலகை இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். நகரத்தையே ஆடவைத்த கார்னெட் என்ற ட்ரம்பெட் வகை வாத்தியத்தால் அதை வாசித்தவரைக் காப்பாற்ற முடியவில்லை.

முந்தைய விடையில் சொன்னதை இது உறுதிசெய்கிறது. மருத்துவம் வேண்டிய இடத்தில் மருத்துவம்தான் வேண்டும். இதை உணர்ந்துதான் 1998இல் நியூ ஆர்லியன்ஸ் மியூசிஷியன்ஸ் கிளினிக் என்ற மருத்துவமனை தொடங்கப்பட்டது. காப்பீடு இல்லாத கலைஞர்களுக்கு எட்டக்கூடிய செலவில் மருத்துவம் தருவதே அதன் வேலை. பழைய சங்கங்கள் சந்தாவில் மருத்துவரை அமர்த்தியதன் தொடர்ச்சியாகவே அதனைக் காண்கிறேன்.

கத்ரீனா புயலில் ஊரே மூழ்கியது. வீடில்லாதவனுக்குப் பாட்டா முக்கியம்?

2005 ஆகஸ்ட் 29 அன்று அடித்த கத்ரீனாவில் கரைகள் உடைந்து நகரத்தின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. மக்கள் ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறினார்கள். இசைக் கலைஞர்களுக்கு வாத்தியமும் போயிற்று, வீடும் போயிற்று. அந்த நிலையிலும், அட்லாண்டாவில் இறந்துபோன புகழ்பெற்ற சமையல் கலைஞர் ஆஸ்டின் லெஸ்லிக்காக அக்டோபரில், வெள்ளக் கறை படிந்த ஆளில்லாத் தெருக்களில் ஹாட் 8 பிராஸ் பேண்ட் இறுதி ஊர்வலம் ஒன்றை வாசித்துச் சென்றது. புயலுக்குப் பிறகு நடந்த முதல் ஜாஸ் இறுதி ஊர்வலம் அது. 2006 ஜனவரியில், முப்பதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் தங்களுக்குள் இருந்த போட்டியை ஒதுக்கிவிட்டு ஒன்றாக ஊர்வலம் போயின. வெளியூர்களிலிருந்து பலர் அந்த ஒரு நாளுக்காகத் திரும்பிவந்தார்கள்.

பாட்டு வீடு கட்டாதுதான். ஆனால் யார் உயிரோடு இருக்கிறார், யார் எங்கே தங்கியிருக்கிறார், எந்தத் தெருவுக்கு எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்ற செய்திகள் முகம் பார்த்துப் பரிமாறப்படுவதற்கு அந்த ஊர்வலங்களை விட்டால் வேறு இடமில்லை. வீடும் பிறகு வந்தது. ஹாரி கானிக் ஜூனியர், பிரான்ஃபர்டு மார்சாலிஸ் என்ற இரு கலைஞர்களின் முயற்சியில், ஹேபிடேட் ஃபார் ஹ்யூமானிட்டி என்ற, வீடு கட்டித்தரும் தொண்டு அமைப்போடு சேர்ந்து மியூசிஷியன்ஸ் வில்லேஜ் என்ற குடியிருப்பு உருவாயிற்று. அங்கே 72 வீடுகள் உள்ளன. நடுவே பியானோ கலைஞர் எல்லிஸ் மார்சாலிஸ் பெயரிலான இசை மையம் 2011இல் திறக்கப்பட்டது.

அந்த ஊர்வலங்களில் துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறதே, அதை ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள்?

விடவில்லை. மேலே சொன்ன 2006 ஜனவரி ஊர்வலம் முடிந்த வேளையிலேயே சூடு நடந்து சிலர் காயமுற்றார்கள். 2013 மே 12, அன்னையர் நாள் ஊர்வலத்தில் சுமார் 20 பேர் குண்டடி பட்டார்கள். ஹாட் 8 குழுவின் ஸ்னேர் டிரம் கலைஞர் டினெரல் ஷேவர்ஸ் 2006 டிசம்பரில், ஒரு பள்ளியில் மாணவர் இசைக்குழுவை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், காரில் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வன்முறை அந்த ஊரின் நோய்களில் ஒன்று. ஊர்வலம் ஊருக்கு வெளியே நடப்பதில்லையே.

2006 சம்பவத்தைக் காட்டிக் காவல்துறை ஊர்வல அனுமதிக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. சங்கங்கள் ஒன்றுதிரண்டு, இது எங்கள் கருத்துரிமையைப் பறிப்பது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2007இல் உடன்பாடு ஏற்பட்டுக் கட்டணம் குறைந்தது. சமூகத்தை இசை கட்டியெழுப்புகிறது என்பதற்குச் சான்று கேட்டால், ஆட்டத்தைவிட இந்த வழக்கையே நான் முதலில் காட்டுவேன். ஞாயிறுதோறும் சேர்ந்து ஆடியவர்களுக்கு, திங்கட்கிழமை சேர்ந்து வழக்கறிஞரைப் பார்க்கத் தெரிந்திருந்தது.

குறும்பு செய்யும் பிள்ளைகளை இசை திருத்தும் என்பது சும்மா சொல்வதா?

மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்ட பதினொரு வயதுச் சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங். அவன் அனுப்பப்பட்ட சீர்திருத்த இல்லத்தில் பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் கார்னெட்டைக் கையில் கொடுத்தார். பிறகு அவன் ஜாஸின் மிகப் பெரிய கலைஞர்களில் ஒருவனானது உலகறிந்தது. ஆனால் ஆம்ஸ்ட்ராங்கை மட்டும் காட்டுவது, லாட்டரியில் வென்றவரைக் காட்டிச் சீட்டு விற்பதைப் போன்றது. எனக்கு மற்ற இரண்டு முயற்சிகளே முக்கியமாகப் படுகின்றன.

1970 வாக்கில், பிராஸ் பேண்ட் வழக்கமே முதியவர்களோடு மறைந்துவிடும் என்ற நிலையில், பேஞ்சோ கலைஞர் டேனி பார்க்கர் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு குழுவைத் தொடங்கினார். பின்னாளில் அந்த ஊர் இசையைத் தாங்கிப் பிடித்தவர்களில் பலர் அங்கே வளர்ந்தவர்கள். அடுத்து, ரீபர்த் பிராஸ் பேண்டின் டிரம் கலைஞர் டெரிக் டாப் 2008 வாக்கில் தொடங்கிய ரூட்ஸ் ஆஃப் மியூசிக். 9 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் இசைப் பயிற்சியோடு பாடத்தில் உதவி, சூடான உணவு, வீடுவரை வண்டி வசதி எல்லாம் இலவசம். கவனியுங்கள், இங்கேயும் இசையோடு சோறும் வண்டியும் வருகின்றன.

இளைஞர்கள் மெதுவான பாட்டையே விட்டுவிட்டு முதலிலிருந்தே குதிக்கிறார்களாம். மரபு கெட்டுவிடவில்லையா?

இதை அந்த ஊர் முதியவர்களே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். குண்டடிபட்டு இறந்த இளைஞர்களின் ஊர்வலங்களில், இறந்தவரின் படம் அச்சிட்ட பனியன் அணிந்த நண்பர்கள், துக்க இசைக்கு இடமே கொடாமல் ஆடத் தொடங்குவதுண்டு. மேலே பார்த்த டேனி பார்க்கரே, ஊர்வலங்கள் கட்டுப்பாடிழந்து போனதைக் கண்டு, தமக்கு அப்படியொன்று வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 1994இல் அவர் இறந்தபோது, பழைய முறைப்படி கண்ணியமாக நடத்துவோம் என்று கலைஞர்கள் குடும்பத்தாருக்கு வாக்குக் கொடுத்த பிறகே ஊர்வலம் நடந்தது.

நான் முதியவர்களின் பக்கம் சாய்கிறேன். முதலிலேயே சொன்னபடி, முதலில் அழுகை, பிறகு ஆட்டம் என்ற வரிசைதான் அடிப்படை என்று நினைக்கிறேன். ஆயினும் பதினெட்டு வயது நண்பனைப் புதைக்கும் ஒருவனிடம் 'மெதுவாக நட' என்று சொல்ல எனக்கு வாய் வராது. எண்பது வயது நிறைவாழ்வுக்கு அமைந்த வடிவம், பாதியில் பறிக்கப்பட்ட உயிருக்கு அப்படியே பொருந்துமா என்பது அந்த ஊரிலேயே இன்னும் முடியாத வாதம்.

பெண்கள் வாசிப்பார்களா, அல்லது ஆடுவதோடு சரியா?

இரண்டும் உண்டு. லேடி பக் ஜம்பர்ஸ் என்ற பெண்கள் சங்கம் 1984இலிருந்து ஊர்வலம் நடத்துகிறது. 1991இல் ஒரு பெண்கள் பள்ளியில் உருவான பினெட்ஸ் பிராஸ் பேண்டில் சூசாஃபோனைச் சுமப்பவர் உட்பட எல்லோரும் பெண்கள்.

சுற்றுலா போனால் நாமும் ஊர்வலத்தில் சேரலாமா? 'வென் தி செயின்ட்ஸ்' வாசிக்கச் சொல்லலாமா?

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் தாராளமாக நடக்கலாம். சங்கத்தாரையும் குழுவையும் சுற்றிப் பிடித்துவரும் கயிற்றுக்குள் நுழையாமல், அவர்களுக்கு வழிவிட்டு, விற்பவரிடம் ஏதேனும் வாங்கிச் சாப்பிட்டு நடந்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சாவு ஊர்வலம் என்றால் கேமராவைப் பையில் வைத்துவிடுவதே முறை. துக்கப்படுபவரின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுபவர்களைப் பற்றி அங்கே ஓயாத மனக்குறை உண்டு. பிரெஞ்சுக் குவார்ட்டர் பகுதியில் திருமணங்களுக்கும் மாநாடுகளுக்கும் வாடகைக்கு எடுக்கப்படும் குட்டி ஊர்வலங்கள் வேறு வகை. அவற்றைப் போலி என்று நான் இகழமாட்டேன்; பல கலைஞர்களின் வீட்டு வாடகை அதில்தான் கட்டப்படுகிறது. 'வென் தி செயின்ட்ஸ்' போன்ற புகழ்பெற்ற பாட்டை வாசிக்கச் சொல்வதென்றால், தொப்பியிலோ பெட்டியிலோ முதலில் காசு போட்டுவிட்டுக் கேளுங்கள்.

கோவிட் காலத்தில் கூட்டமே கூடாது என்றார்களே, அப்போது என்ன செய்தார்கள்?

தவித்தார்கள். 2020இன் வசந்தத்தில் நோய் அந்த நகரத்தைக் கடுமையாகத் தாக்கியது. ஸூலூ சங்கம் பல உறுப்பினர்களை இழந்தது. பல தலைமுறைக் கலைஞர்களுக்கு ஆசானாக இருந்த பியானோ மேதை எல்லிஸ் மார்சாலிஸ் ஏப்ரல் 1 அன்று இறந்தபோது, வேறெந்த ஆண்டாக இருந்தாலும் தெருக்கள் கொள்ளாமல் கூடியிருக்கக்கூடிய ஊர், அவரை அனுப்பிவைக்கக் கூட முடியாமல் வீட்டுக்குள் இருந்தது. சேர்ந்து நடப்பதுதான் ஆறுதல் என்று பழகிய மக்களுக்கு, சேர்ந்து நடப்பதே மரணத்தைப் பரப்பும் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலங்கள் 2021இல்தான் மெல்ல மெல்லத் திரும்பின.

பதிவைத் தனியாக அறையில் உட்கார்ந்து கேட்டால் அதே ஆறுதல் கிடைக்குமா?

அதே ஆறுதல் கிடைக்காது, ஓரளவு கிடைக்கும். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓர் அம்மையார், கணவரை இழந்த ஆண்டில் இந்தத் துக்க இசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதாகவும், துள்ளல் பகுதி தொடங்கும் முன்பே நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். ஏறத்தாழ எட்டு மாதம் கழித்து ஒருநாள் நிறுத்த மறந்து, கையில் இருந்த துவைத்த துணியோடு அப்படியே நின்று முழுவதையும் கேட்டாராம். அதற்குமேல் அவர் எதையும் விளக்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

செத்தவரை நிற்கவைத்து அஞ்சலி செலுத்திய படம் ஒன்று பார்த்தேன். அது உண்மையா, ஒட்டுவேலையா?

உண்மைதான். டிரெமே பிராஸ் பேண்டின் பேஸ் டிரம் கலைஞரும், அந்தப் பேட்டையே 'அங்கிள்' என்று அழைத்தவருமான லயனல் பட்டிஸ்ட் 2012 ஜூலையில் காலமானார். எப்போதும் மிடுக்காக உடுத்தித் தெருமுனையில் நின்று போவோர் வருவோரை விசாரிப்பது அவர் வழக்கம். ஆகவே இறுதி மரியாதைக்கு வைத்தபோது அவரைப் பெட்டியில் கிடத்தாமல், தெருவிளக்குக் கம்பம் ஒன்றை அமைத்து, அதில் சாய்ந்து நிற்பதைப் போலக் கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக நிறுத்திவைத்தார்கள். உள்ளே நுழைந்தவர்கள், வழக்கம்போல அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.